எடைக்குப் போடுவதற்கு முன்

தாய்மார்களே, தந்தையரே, கார் வைத்திருப்பவர்களே, ஆட்டோ ஓட்டுபவர்களே, கரண்ட் போனாலும் மின்விசிறி சுற்ற வேண்டும் என்று வீட்டில் இன்வெர்ட்டர் மாட்டியிருக்கும் அத்தனை பேருமே, கொஞ்சம் நில்லுங்கள். உயிர் போன பேட்டரியைத் தூக்கிக் கொடுப்பதற்கு முன் நில்லுங்கள். கொடுத்துவிட்டுக் காசை எண்ணுவதற்கு முன் நில்லுங்கள். "பில் எல்லாம் எதுக்குங்க" என்று சொல்லி முடிப்பதற்கு முன் நில்லுங்கள். நாம் எல்லாரும் சேர்ந்து ஒரு கடன்கணக்கைத் திறந்து வைத்திருக்கிறோம். அதை நாம் கட்டவில்லை. வேறு யாரோ பெற்ற பிள்ளைகள் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

நடப்பது நீங்கள் அறிந்ததுதான். பேட்டரி படுத்துவிடுகிறது. புதிது வாங்கப் போனால், பழையதற்கு இவ்வளவு கழித்துக்கொள்கிறேன் என்று கடைக்காரர் ஒரு விலை சொல்கிறார். தெருவில் வரும் பழைய இரும்புக்காரர் அதைவிட இருநூறோ முந்நூறோ கூடத் தருகிறேன் என்கிறார். கொக்கித் தராசில் மாட்டித் தூக்குகிறார். முள் ஆடி நிற்கிறது. இன்வெர்ட்டர் பேட்டரி என்றால் ஐம்பது கிலோவை ஒட்டிக் காட்டும். ரொக்கம் கைக்கு வருகிறது. யாரும் யாரையும் ஏமாற்றியதாகத் தெரியவில்லை. ஆனால் பெரிய கடைக்காரரால் தர முடியாத அந்த முந்நூறு ரூபாய், சைக்கிளில் வந்தவரிடம் எங்கிருந்து வந்தது? இந்த ஒரு கேள்வியைக் கேட்காமலேயே ஒரு தலைமுறைக் காலத்தை ஓட்டிவிட்டோம். இன்னொரு தலைமுறையையும் அப்படி ஓட்டுவதற்கு நமக்கு உரிமை இல்லை.

பதில் உலையில் இருக்கிறது. ஆகவே உலையைப் பற்றிக் கொஞ்சம் பேசியாக வேண்டும்.

ஈயம் மண்ணுக்குள் பெரும்பாலும் கந்தகத்தோடு கூடி, கலீனா என்ற தாதுவாகக் கிடக்கிறது. சாம்பல் நிறம், பளபளப்பு, உடைத்தால் சின்னச் சின்னக் கனசதுரம், கையில் எடுத்தால் அளவுக்கு மீறிய கனம். சுத்தமான கலீனாவில் நூற்றுக்கு 86 பங்குக்கு மேல் ஈயம்தான். ஆனால் சுரங்கத்தில் வெட்டும் பாறை அவ்வளவு சுத்தமாக வருவதில்லை. நூறு கிலோ பாறையில் ஈயம் சில கிலோ இருந்தால் பெரிது. ராஜஸ்தானில் ராம்புரா அகுச்சா, சிந்தேசர் குர்த் சுரங்கங்களில் வெட்டியெடுக்கும் பாறையை மாவாக அரைத்து, தண்ணீரில் கலக்கி, நுரைமிதப்பு முறையில் தாதுத்துகளை நுரையோடு மேலே எழுப்பி வழித்தெடுக்கிறார்கள். அப்படி அடர்த்தியாக்கிய தாதுவில்தான் ஈயம் பாதிக்கு மேல் தேறும். அதுதான் உருக்காலைக்குப் போகிறது.

பழைய முறையில் வேலை இரண்டு கட்டம். முதலில் தாதுவைக் காற்றில் வறுக்க வேண்டும். கந்தகம் எரிந்து கந்தக டை ஆக்சைடு வாயுவாகப் பறக்கும், ஈயம் ஆக்சைடாக நிற்கும். பிறகு கல்கரியும் சுண்ணாம்புக்கல்லும் சேர்த்து ஊது உலையில் போட்டால், கரி ஆக்சிஜனைப் பறித்துக்கொள்ளும். உருகிய ஈயம் அடியில் இறங்கும், கசடு மேலே மிதக்கும். ரோமானியர்கள் செய்ததும் சாரத்தில் இதுதான். அவர்களுடைய உலைகள் கக்கிய ஈயம் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தாண்டிப் போய் கிரீன்லாந்தின் பனிக்கட்டிக்குள் படிந்திருக்கிறது. விஞ்ஞானிகள் இன்று அந்தப் பனியைத் துளைத்து எடுத்து, எந்த நூற்றாண்டில் உலை அதிகம் எரிந்தது என்று வாசிக்கிறார்கள். பேரரசு போய்விட்டது, புகை இருக்கிறது.

புதிய முறைகள் அந்த இரண்டு கட்டத்தையும் ஒரே மூடிய உலைக்குள் அடக்கிவிட்டன. ஆஸ்திரேலியாவில் உருவான ஐசாஸ்மெல்ட், ஆஸ்மெல்ட், ஜெர்மனியின் க்யூ.எஸ்.எல்., சோவியத் நாட்டில் பிறந்த கிவ்செட் எல்லாம் அந்த வகை. ஆக்சிஜன் செறிந்த காற்றை உள்ளே ஊதுவதால், வெளியே வரும் வாயுவில் கந்தகம் அடர்த்தியாக இருக்கும். அதை வானத்தில் விடாமல் அமில ஆலைக்குத் திருப்பிக் கந்தக அமிலமாக்கி விற்கலாம். ஊரை எரிக்கும் வாயு சரக்காக மாறுகிறது. ஆனால் அப்படி ஓர் ஆலை கட்டக் கோடிக்கணக்கில் முதல் வேண்டும்.

பணம் எப்படி ஓடுகிறது என்று பாருங்கள், அங்கேதான் விஷயம் இருக்கிறது. ஈயம் உருக்கும் ஆலை, ஈயத்தை விற்றுக் கொழிப்பதில்லை. தாதுவில் உள்ள ஈயத்தில் நூற்றுக்கு 95 பங்குக்குச் சுரங்கக்காரருக்கு விலை கொடுத்து, அதிலிருந்து உருக்குக் கூலியைக் கழித்துக்கொள்வதுதான் உலக வழக்கம். தாதுத் தட்டுப்பாடு வந்தால் அந்தக் கூலியும் தேய்ந்து ஒன்றுமில்லாமல் போகும். அப்போது ஆலையைக் காப்பாற்றுவது அமிலமும் வெள்ளியும். கலீனாவோடு வெள்ளி ஒட்டிக்கொண்டு வருகிறது. உருகிய ஈயத்தில் துத்தநாகத்தைக் கலந்தால் அது வெள்ளியைச் சேர்த்து இழுத்துக்கொண்டு மேலே ஆடையாக வந்து நிற்கும், வழித்தெடுக்கலாம். அலெக்சாண்டர் பார்க்ஸ் என்ற ஆங்கிலேயர் 1850ல் காப்புரிமை பதிந்த அந்த வழி இன்றும் நடப்பில் இருக்கிறது. நம் நாட்டுச் சுரங்கங்கள் தரும் வெள்ளி ஏறக்குறைய முழுவதும் ஈயத்தோடும் துத்தநாகத்தோடும் கூட வந்த வெள்ளிதான்.

ஆக, ஒழுங்காக ஈயம் உருக்குவது வாய்க்கும் கைக்குமாக ஓடும் தொழில். அதில் புகையைப் பிடிக்கும் வடிகட்டிப் பைகள் ஒரு செலவு. பை கிழிந்தால் மாற்றுவது ஒரு செலவு. வாயுவைக் கழுவும் கோபுரம் ஒரு செலவு. அமிலத் தண்ணீரைச் சுத்தம் செய்வது ஒரு செலவு. கசடைப் பாதுகாப்பான குழியில் கொண்டுபோய்ச் சேர்ப்பது ஒரு செலவு. தொழிலாளியின் ரத்தத்தைச் சோதிப்பது ஒரு செலவு. இந்தச் செலவுகளில் ஒன்றாவது ஒரு கிராம் ஈயத்தைக்கூடக் கூடுதலாகத் தருமா? பெரிதாகத் தராது. ஆனால் புகைக்கும் மூச்சுக்கும் நடுவே நிற்பது இந்தச் செலவு மட்டும்தான்.

இப்போது உங்கள் வீட்டுப் பேட்டரிக்கு வருவோம். பாறையில் நூற்றுக்குச் சில பங்காக இருக்கும் ஈயம், பேட்டரியில் எடையில் பாதிக்கு மேல் இருக்கிறது. வெட்ட வேண்டாம், அரைக்க வேண்டாம், நுரையில் மிதக்கவிட வேண்டாம். ஈயம் எத்தனை முறை உருக்கினாலும் ஈயமாகவே இருக்கும். உலகம் ஆண்டுதோறும் பயன்படுத்தும் ஈயத்தில் பாதிக்கு மேல் இப்படிப் பழையதிலிருந்து திரும்பி வருவதுதான். இது நமக்கு ஒரு வரமாக இருந்திருக்க வேண்டும்.

முறையான ஆலையில் இயந்திரம் பேட்டரியை உடைக்கிறது. அமிலம் தொட்டிக்குப் போகிறது. பிளாஸ்டிக் தனியாகிறது. தகட்டில் அப்பியிருக்கும் ஈயப்பசையிலிருந்து சோடா உப்பைக் கொண்டு கந்தகத்தை நீக்குகிறார்கள். சுழலும் மூடிய உலையில், ஆயிரம் டிகிரியை ஒட்டிய சூட்டில், கரி சேர்த்து உருக்குகிறார்கள். புகை பைகளின் வழியாகத்தான் வெளியே போக முடியும்.

அந்த முந்நூறு ரூபாய் கூடக் கொடுத்தவரிடமிருந்து போகும் பேட்டரி எங்கே போகிறது? ஊருக்கு வெளியே, சீமைக்கருவேலங் காட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. இரவில்தான் அடுப்பு எரியும். பகலில் இரண்டு பேர் குந்தி உட்கார்ந்து கோடாரியால் பேட்டரியின் தலையை வெட்டுகிறார்கள். கவிழ்க்கிறார்கள். அமிலம் குபுகுபுவென்று மண்ணில் இறங்குகிறது, மண் நுரைத்து அடங்குகிறது. அந்த இடத்தில் புல் முளைத்து வருடக்கணக்காகியிருக்கும். தகடுகளை வெறுங்கையால் உருவிச் சாக்கில் குவிக்கிறார்கள். காய்ந்த பசை பொடியாய் உதிர்ந்து முழங்கை வரை பூசிக்கொள்கிறது. பீடி பற்றவைக்க அதே விரல். இருட்டியதும் குழியடுப்பில் கரியைப் போட்டு, மின் ஊதியை வைத்துக் காற்றடிக்கிறார்கள்.

ஈயம் 327 டிகிரியிலேயே உருகிவிடும். சமையல் அடுப்பின் சூடு போதும். இந்த உலோகத்தின் சாபமே அதுதான்: யார் வேண்டுமானாலும் உருக்கலாம் என்ற நினைப்பைக் கொடுத்துவிடுகிறது. தகடு எளிதாக உருகும், பசை உருகாது. பசையையும் விடக் கூடாது என்று இன்னும் காற்றடிக்கிறார்கள், இன்னும் சூடேற்றுகிறார்கள். அப்போது ஈயம் ஆவியாக எழுகிறது, ஆறிக் கண்ணுக்குத் தெரியாத தூளாக இறங்குகிறது. குடிசைக் கூரையில் இறங்குகிறது, கொடியில் காயும் துணியில் இறங்குகிறது, மூடாத தண்ணீர்க் குடத்தில் இறங்குகிறது. ஈயம் முழுதாகப் பிரியாத கசடை விடியற்காலையில் குளத்தங்கரையில் கொட்டுகிறார்கள், பாதைக் குழியை அதனால் நிரப்புகிறார்கள். உருக்கியவர் அதே சட்டையோடு வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சுகிறார்.

ஒன்றைக் கவனியுங்கள். இந்தக் கொட்டகை, ஆலையைவிடக் குறைவான ஈயத்தைத்தான் எடுக்கிறது. கசடிலும் புகையிலும் பாதியைத் தொலைக்காவிட்டாலும் கணிசமாகத் தொலைக்கிறது. அப்படியிருந்தும் ஆலையைவிட அதிக விலை கொடுத்துப் பேட்டரியை வாங்க அதனால் முடிகிறது. எப்படி? வடிகட்டிப் பைக்குக் கொடுக்காத பணம் அது. அமிலத் தொட்டிக்குக் கொடுக்காத பணம் அது. கசடுக் குழிக்குக் கொடுக்காத பணம் அது. வரிக்குக் கொடுக்காத பணம் அது. வேலை செய்தவனின் ரத்தச் சோதனைக்குக் கொடுக்காத பணம் அது. அதுதான் சுற்றி வந்து, முந்நூறு ரூபாயாக உங்கள் சட்டைப் பையில் கிடக்கிறது. அதை நீங்கள் பேரம் பேசி வாங்கினீர்கள். நாம் எல்லாருமே பேரம் பேசித்தான் வாங்கினோம்.

பையில் கிடக்கும் அந்தப் பணத்துக்கு யார் விலை கொடுத்தார்கள் என்று உலகத்தில் தேதியோடு எழுதி வைத்திருக்கிறார்கள். கேளுங்கள்.

செனகல் நாட்டின் தலைநகர் டக்காரை ஒட்டியது தியாரோய்-சுர்-மேர். அங்கே பல ஆண்டுகள் பழைய பேட்டரிகளை வெட்டவெளியில் உடைத்துவந்தார்கள். மண்ணோடு ஈயம் கலந்து கிடந்தது. 2007ல் உலகச் சந்தையில் ஈயத்தின் விலை ஏறிக்கொண்டே போய், அந்த ஆண்டு அக்டோபரில் டன் 4,000 டாலரை நெருங்கியது. மண்ணுக்கும் விலை வந்துவிட்டது. பெண்கள் அந்த மண்ணை அள்ளிச் சலித்தார்கள், சாக்கில் கட்டி வீட்டுக்குள் வைத்தார்கள். 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையில் அந்தக் குடியிருப்பில் 18 குழந்தைகள் இறந்துபோனார்கள். வலிப்பு வந்து இறந்தார்கள். சந்தை மேலே போனது, பிள்ளைகள் மண்ணுக்குள் போனார்கள்.

நைஜீரியாவின் சம்ஃபாரா மாநிலம். அங்கே தேடியது ஈயத்தை அல்ல, தங்கத்தை. பாறையில் தங்கத்தோடு ஈயமும் ஏராளமாக இருந்தது. தானியம் அரைக்கும் இயந்திரங்களிலேயே பாறையையும் போட்டு அரைத்தார்கள், வீட்டு முற்றத்தில் உலர்த்தினார்கள். 2010ல் மருத்துவர்கள் போய்ப் பார்த்தபோது, சில கிராமங்களில் தவழும் வயதுப் பிள்ளைகளே அரிதாகிப் போயிருந்தார்கள். இறந்த குழந்தைகள் நானூறுக்கும் குறையாது என்று கணக்கிட்டார்கள்.

ஜாம்பியாவின் கப்வேயில் 1902ல் ஈயத் தாது கண்டுபிடிக்கப்பட்டு, பிறகு சுரங்கம் தொடங்கியது. உலைகள் எரிந்தன, பங்குதாரர்கள் லாபம் பார்த்தார்கள், 1994ல் மூடிவிட்டுப் போனார்கள். மூடி முப்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. அந்த ஊரின் தெருப் புழுதியில் இன்றும் ஈயம் இருக்கிறது, அந்தப் புழுதியில் இன்றும் பிள்ளைகள் விளையாடுகிறார்கள், அவர்களுடைய ரத்தத்தில் இன்றும் ஈயம் ஏறுகிறது. உலையை அணைப்பதோடு கணக்கு முடிந்துவிடும் என்று நினைப்பவர்கள் கப்வேயைப் பாருங்கள்.

"அதெல்லாம் ஆப்பிரிக்காவில்" என்று சொல்லிவிடாதீர்கள். 2020ல் யுனிசெஃப் அமைப்பும் பியூர் எர்த் அமைப்பும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கை, உலகக் குழந்தைகளில் மூன்றில் ஒருவர், அதாவது 80 கோடிப் பேர் வரை, ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ ஈயத்தைச் சுமக்கிறார்கள் என்று கூறியது. அதில் இந்தியக் குழந்தைகள் மட்டும் 27 கோடிக்கு மேல். வேறு எந்த நாட்டுக்கும் இந்த எண்ணிக்கை இல்லை. முறையில்லாத பேட்டரி உருக்கல் இதற்கு ஒரு முதன்மைக் காரணம் என்றது அந்த அறிக்கை.

5 மைக்ரோகிராம் என்றால் எவ்வளவு? மூன்று வயதுப் பிள்ளையின் உடம்பில் ரத்தம் ஏறக்குறைய ஒரு லிட்டர். அந்த அளவைத் தொட, அதன் ரத்தத்தில் 50 மைக்ரோகிராம் ஈயம் இருந்தால் போதும். ஒரு கிராமில் பத்து லட்சம் மைக்ரோகிராம். அப்படியானால் ஒரு கிராம் ஈயம் இருபதாயிரம் குழந்தைகளின் ரத்தத்துக்குக் காணும். உங்கள் இன்வெர்ட்டர் பேட்டரியில் இருப்பது கிராம் அல்ல, முப்பது கிலோவை ஒட்டிய ஈயம். இந்தக் கணக்கை ஒருமுறை நீங்களே தாளில் போட்டுப் பாருங்கள். போட்டுப் பார்த்தபின் தூக்கம் வந்தால் சொல்லுங்கள்.

பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் வெளிப்படையாகச் சொல்லிவிட்டது. வயிற்றுக்குள் போகும் ஈயத்தில் பெரியவர்கள் உறிஞ்சுவதைப் போல நாலைந்து மடங்கைப் பிள்ளைகளின் குடல் உறிஞ்சுகிறது. இரும்புச்சத்து குறைந்த பிள்ளை இன்னும் அதிகம் உறிஞ்சும். ஆக, கஞ்சிக்கு வழியில்லாத வீட்டுப் பிள்ளையைத்தான் ஈயம் முதலில் தேடிப் பிடிக்கிறது. ரத்த சோகை, வயிற்று வலி, சாப்பிட மறுப்பது, காரணமில்லாத எரிச்சல், படிப்பில் பின்தங்குவது என்று அறிகுறிகள் எல்லாம் வேறு எதற்கோ வருவதாகத் தெரியும். வாத்தியார் மக்கு என்கிறார். அம்மா சேட்டைக்காரன் என்கிறாள். பையன் தன்னைத் தானே அப்படி நம்பத் தொடங்குகிறான். அவன் இழந்தது என்ன என்று யாரும் அவனுக்குச் சொல்லப் போவதில்லை.

ஏன் அவசரம் என்று கேட்கிறீர்களா? ரத்தத்தில் உள்ள ஈயம் ஒரு மாதத்தில் பாதியாகக் குறையும். ஆனால் எங்கே போகிறது? ஒரு பகுதி குதிரில் நெல் சேர்வதுபோல எலும்பில் போய்ச் சேர்கிறது, பத்தாண்டு இருபதாண்டு அங்கே இருக்கிறது. அப்படி எலும்பில் ஈயம் சேர்ந்த பெண்குழந்தை வளர்ந்து, கல்யாணமாகி, கருவுறும்போது எலும்பிலிருந்து சுண்ணாம்புச்சத்து இறங்கும். அதோடு ஈயமும் இறங்கித் தொப்புள்கொடி வழியாக வயிற்றுப் பிள்ளைக்குப் போகும். இன்று கொட்டகையில் எழும் புகை இன்னும் பிறக்காத பேரப்பிள்ளையைத் தொடும். மருந்து உண்டு. ரத்தத்தில் இருக்கும் ஈயத்தை இழுத்து வெளியேற்றும் மருந்துகள் உண்டு, சாவிலிருந்து அவை காப்பாற்றும். ஆனால் மூளையில் நேர்ந்த இழப்பை அவை திருப்பித் தருவதில்லை. சிகிச்சை முடிந்த பிள்ளை அதே புழுதிக்குத் திரும்பினால் மருந்தும் வீண். ஆகவே பிறகு பார்க்கலாம் என்ற பேச்சு இதில் இல்லை. ஒரு வருடம் தள்ளினால், அந்த வருடத்தில் தவழ்ந்த பிள்ளைகள் அத்தனை பேரின் வருடமும் போனது போனதுதான்.

சாக்குகளும் எனக்குத் தெரியும். ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள், கேட்கிறேன்.

"என் ஒரு பேட்டரியால் என்ன ஆகிவிடும்?" அந்தக் கொட்டகைக்கு வரும் ஒவ்வொரு பேட்டரியும் யாரோ ஒருவருடைய ஒரு பேட்டரிதான்.

"வேலை செய்பவர்கள் கையைக் கழுவிக்கொண்டால் போதாதா?" இதே பேச்சை நூறு வருடத்துக்கு முன் அமெரிக்க முதலாளிகளும் பேசினார்கள். இலினாய் மாநிலத்தில் 1910ல் ஈயத் தொழிற்கூடங்களில் ஏறி இறங்கிய டாக்டர் ஆலிஸ் ஹாமில்டன், கையில் ஒட்டுவதைவிட மூச்சில் போகும் தூளும் ஆவியும்தான் கொல்கின்றன என்று நிறுவினார். பழியைத் தொழிலாளியின் மீது போடும் வழக்கம் அப்போதே தோற்றுவிட்டது. அதை நாம் மறுபடி எடுத்துப் பேச வேண்டாம்.

"ஏழை பிழைப்பைக் கெடுக்கலாமா?" இந்தக் கேள்வியைக் கேட்பவரின் மனசை மதிக்கிறேன், இது உண்மையான கேள்வி. ஆனால் கேளுங்கள், அந்தக் கொட்டகையில் குந்தியிருப்பவர்தான் முதலில் சாகிறார். அவருடைய ஈறில் நீலக்கோடு விழுகிறது, மணிக்கட்டு தொங்குகிறது, அவருடைய பிள்ளைக்குத்தான் முதலில் வலிப்பு வருகிறது. அவரை விரட்டியடித்தால் அடுப்பை எடுத்துக்கொண்டு அடுத்த ஊருக்குப் போவார், அல்லது வீட்டுக் கொல்லைக்கே கொண்டுபோவார். இரண்டும் இன்னும் மோசம். சந்து சந்தாகப் போய்ப் பழையதைச் சேகரிக்கும் திறமை அவரைப் போல எந்தப் பெரிய நிறுவனத்துக்கும் கிடையாது. அந்த வேலை அவருக்கே இருக்கட்டும், நல்ல கூலியோடு இருக்கட்டும். உடைப்பதும் உருக்குவதும் மட்டும் அவர் கையை விட்டுப் போக வேண்டும். சேகரித்த பேட்டரியை உடைக்காமல், கவிழ்க்காமல், நிமிர்த்தி வைத்தபடி அங்கீகாரம் பெற்ற ஆலைக்கு அனுப்பும்படி அவருக்கு ஏற்பாடு செய்து கொடுப்பது அரசின் கடமை, பேட்டரி விற்கும் நிறுவனங்களின் கடமை.

"சட்டம் பார்த்துக்கொள்ளட்டும்." சட்டம் இருக்கிறது. 2001லேயே பேட்டரிகளைக் கையாளும் விதிகள் வந்தன, விற்பவர் பழையதைத் திரும்பப் பெற வேண்டும் என்று அவை சொல்லின. 2022ல் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் வந்து, தயாரிப்பவர் தலையில் முழுப் பொறுப்பையும் வைத்தன. அதே விதிகள் உங்களையும் விடவில்லை: பயன்படுத்துபவர் பழைய பேட்டரியைத் தனியே வைத்து, முறையாகச் சேகரிப்பவரிடமோ மறுசுழற்சி செய்பவரிடமோதான் சேர்க்க வேண்டும். ஆக, தெருவில் எடைக்குப் போடுபவர் அறத்தை மட்டும் மீறவில்லை.

நம்மால் முடியாது என்று சொல்லாதீர்கள், முடிந்திருக்கிறது. பெட்ரோலில் ஈயம் கலந்துகொண்டிருந்த நாடு இது. 2000ல் அதை நாடு முழுவதும் நிறுத்தினோம். வண்டிகள் நின்றுபோகவில்லை. வீட்டுப் பெயிண்டில் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்ற விதி 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. சுவர்கள் வெளுத்துப்போகவில்லை. பெங்களூரில் உயிர்வேதியியல் பேராசிரியராக இருந்த துப்பில் வெங்கடேஷ் போன்றவர்கள், கேட்பார் இல்லாத காலத்திலும் ஊர் ஊராகப் போய் ரத்தத்தைச் சோதித்துச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். கேட்டவர்கள் கேட்டார்கள், பிள்ளைகள் பிழைத்தார்கள்.

ஆகவே இன்று செய்ய வேண்டியதை இன்று செய்வோம். பேட்டரியைப் புதிது வாங்கும் கடையிலேயே கொடுத்துவிடுங்கள், கழிவைப் பில்லில் எழுதி வாங்குங்கள். இது எந்த ஆலைக்குப் போகிறது என்று கடைக்காரரைக் கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால் அடுத்த கடைக்குப் போங்கள். கடைக்காரர்களே, நீங்களும் கேளுங்கள்: வாடிக்கையாளர் கொண்டுவந்து கொடுத்த பேட்டரியை இரவில் அதிக விலைக்குத் தள்ளிவிடுவதும் அதே பாவம்தான், அளவில்தான் பெரிது. பின்வாசல் வழியாக மலிவு ஈயம் வாங்கும் தொழிலதிபர்களே, அந்தக் கட்டி எந்த உலையில் ஊற்றியது என்று தெரியாது என்று சொல்லாதீர்கள், விலையைப் பார்த்தவுடன் உங்களுக்குத் தெரியும். வலைக்கு ஈயக்குண்டு வார்க்கும் கரையோர மக்களே, சமையல் செய்யும் இடத்தில் வார்க்காதீர்கள், சமைக்கும் சட்டியில் உருக்காதீர்கள், பிள்ளைகளையும் கருவுற்ற பெண்களையும் பக்கத்தில் விடாதீர்கள்.

மருத்துவர்களே, பட்டறைப் பக்கத்திலிருந்து வரும் பிள்ளைக்கு ரத்த சோகை என்று இரும்பு மாத்திரை எழுதிக் கொடுப்பதோடு நிற்காதீர்கள். அப்பா என்ன வேலை பார்க்கிறார் என்று கேளுங்கள், ரத்தத்தில் ஈயத்தைச் சோதிக்க எழுதிக் கொடுங்கள். ஆசிரியர்களே, ஒரே தெருப் பிள்ளைகள் வரிசையாகப் பின்தங்கினால் அந்தத் தெருவில் என்ன எரிகிறது என்று ஒருநாள் போய்ப் பாருங்கள்.

ஊராட்சித் தலைவர்களே, வார்டு உறுப்பினர்களே, உங்கள் எல்லைக்குள் இரவில் எரியும் கொட்டகை எது என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. நம் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இவற்றில் அடுத்து எது வருகிறதோ அதில் மூன்று காரியங்களைத் தீர்மானமாக எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். இந்த ஊருக்குள் பேட்டரி உடைப்பதும் ஈயம் உருக்குவதும் கூடாது. உருக்கிய இடத்தின் மண்ணையும் பக்கத்துக் கிணற்றையும் மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் சோதிக்க வேண்டும். அந்த இடத்தைச் சுற்றியுள்ள ஆறு வயதுக்குட்பட்ட ஒவ்வொரு பிள்ளைக்கும், அந்தக் கொட்டகையில் வேலை பார்த்தவர்களின் பிள்ளைகளுக்கு முதலில், அரசு மருத்துவமனை மூலம் ரத்தச் சோதனை நடக்க வேண்டும். தீர்மானத்தின் நகலை ஆட்சியருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், ரசீதைப் பத்திரமாக வையுங்கள், பதில் வரும்வரை ஒவ்வொரு கூட்டத்திலும் எழுந்து நின்று கேளுங்கள்.